நாலு மணிப் படி

புனேயின் கராடிப் பகுதியில் என் அலுவலக மேசையின் ஓரத்தில் ஒரு மர அளவுகோல் சாய்ந்து நிற்கிறது. துணிக்கடையில் துணி அளக்கும் கோலை விடச் சற்றுக் குட்டை. ஒரு முனை பிளந்து, எண்கள் பாதி அழிந்து, யார் பார்த்தாலும் குப்பைக்குப் போக வேண்டியது என்றுதான் சொல்வார்கள். துப்புரவுக்கு வருகிறவர்கள் இரண்டு முறை அப்படியே செய்தும் விட்டார்கள். இரண்டு முறையும் நான் கீழ்த்தளம் வரை போய்ச் சண்டை போட்டு மீட்டு வந்தேன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் என் குழுவில் வந்து சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே, "மேடம், இது எதுக்கு? வேலை முடிக்கலேன்னா அடிப்பீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். ஆமாம் என்று சொல்லிவைப்பேன். கொஞ்சம் பயம் இருந்தால் நல்லதுதான். உண்மையில் அது திரவ நைட்ரஜனின் ஆழம் பார்த்த கோல். குடுவைக்குள் விட்டு எடுத்துக் காற்றில் இரண்டு வீசு வீசினால், திரவத்தில் நனைந்த பகுதி மட்டும் வெண்பனி பூத்துத் தெரியும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அந்தப் பனிக்கோட்டின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கோலின் மேல்பகுதியில் பென்சிலால் ஒரு கோடும், பக்கத்தில் ‘டீக்கு முன்’ என்று தமிழில் இரண்டு சொற்களும் இருக்கின்றன. எழுதியவர் எங்கள் சீனியர்.

சீனியர் என்றால் ஏதோ தலைமுறை வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். என்னை விட ஆறு மாதம் முன்னால் ஆய்வுக்குச் சேர்ந்தவர், அவ்வளவுதான். ஆராய்ச்சிக் கூடங்களில் அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் அப்புறம் போகாது. தொண்ணூறுகளின் நடுவில் புனே நகரத்தின் மேற்கே ஓர் இயற்பியல் கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கருவியில் வேலை செய்தோம். அவர் பொள்ளாச்சிப் பக்கம், நான் பாளையங்கோட்டை. வழிகாட்டிப் பேராசிரியர் மராத்திக்காரர். அவரை சார் என்போம். நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் ஆங்கிலமுமாகப் போகும். நாங்கள் குடியிருந்த சாங்வியில் ஏறும் பஸ்ஸிலும் கருவிக்கு முன்னாலும் மட்டும் தமிழ். அந்தத் தமிழிலும் எங்களுக்குள் ஒத்துப்போகாது. நான் ‘சொல்லுதேன்’ என்றால் அவருக்குச் சிரிப்பு வரும். அவரோ கோபத்தில்கூட ‘ங்க’ போடாமல் பேச மாட்டார். "உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?" என்று கேட்டால் திட்டுகிறாரா நலம் விசாரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "நீங்க ஒரு அவசரக்குடுக்கைங்க" என்பது அவர் எனக்குக் கொடுத்த பட்டம். அது சார் காது வரை போயிருந்தது.

எங்கள் வேலை இதுதான். கிராஃபைட் என்ற கரியின் மெல்லிய தகடுகளை ஒரு சிறு செப்புக் கிண்ணத்தில் அடைத்து மூடி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிரவைப்போம். பிறகு கிரிப்டான் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவோம். வாயுவின் அணுக்கள் போய்க் கரியின் பரப்பில் ஒட்டும். முதலில் வந்தவை பரப்பின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலையும். அதுவும் வாயுதான், ஆனால் ஓர் அணு உயரத்துக்கு மேல் எழாத தட்டை வாயு. கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் அவை சட்டென்று ஒன்றுகூடி, ஓர் அணுத் தடிமனில் படலமாக உறைந்துவிடும். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, அழுத்தமானியில்தான் தெரியும். கல்யாண வீட்டில் பந்தி தொடங்குவதற்கு முன் ஆள் வர வர வாசலில் நெரிசல் கூடும். இலை போட்டுவிட்டால் வருகிறவர்கள் எல்லாம் நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள், வாசலில் நெரிசல் ஏறாது. அதே மாதிரி, பரப்பில் நிலை மாறும் இடத்தில் எவ்வளவு வாயுவை விட்டாலும் அழுத்தம் ஏறாமல் நிற்கும். அழுத்தத்தைக் கிடையாகவும் ஒட்டிய வாயுவின் அளவை நெடுக்காகவும் குறிக்கும் வரைபடத்தில் கோடு அந்த இடத்தில் செங்குத்தாக மேலே போகும். அதைத்தான் நாங்கள் படி என்போம்.

படியைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு சிட்டிகை வாயுவை விட்டால், அது பரப்பில் போய் அமரும் வரை அரை மணி நேரம் கருவியைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பத்து நிமிடத்திலேயே அழுத்தமானியைத் தட்டிப் பார்ப்பேன். சீனியர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து காலையில் தள்ளுவண்டியில் திரவ நைட்ரஜன் வரும். வந்ததும் குடுவையை நிரப்பி, தினமும் ஒரே நேரத்தில் முதல் வாயுவை விடுவார். ஒரே அளவு, ஒரே இடைவெளி. நாலு மணியானால் சார் தம் அறையிலிருந்து வெளியே வந்து, "சலா, சஹா!" என்பார். வாங்க, டீக்குப் போகலாம் என்பதற்கு மராத்தி. கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கேன்டீனுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். கருவியை விட்டுப் போவதற்கு முன் குடுவையில் புது நைட்ரஜனை ஊற்றி, கோலில் போட்ட கோடு வரை நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் இல்லாத நேரத்தில் மட்டம் இறங்கிக் கிண்ணம் வெளியே தெரிந்து, அன்றைய உழைப்பு பாழ். ‘டீக்கு முன்’ என்ற சொற்கள் அதற்காக எழுதியவை.

குளிரின் அளவை யாரும் தனியாக அளக்கவில்லை. கிண்ணத்தில் பொருத்தியிருந்த வெப்பமானி உடைந்து, புதிதாக வாங்குவதற்கான கோப்பு கொள்முதல் பிரிவில் தூங்கிக்கொண்டிருந்தது. நைட்ரஜன் எந்தக் குளிரில் கொதிக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த எண், அதைப் போய் அளப்பானேன் என்று சார் சொல்வார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சீனியர் ஒரு புதிய படியைக் கண்டுபிடித்தார். முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் உரிய பெரிய படிகள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவை. இது அவற்றுக்கு நடுவில், சின்னதாக, யாரும் அதுவரை சொல்லாத இடத்தில் இருந்தது. எத்தனை முறை செய்தாலும் அதே இடத்தில் வந்தது. முதல் அடுக்கு தனக்குள்ளேயே இன்னொரு முறை நிலை மாறுகிறது என்று சார் சொன்னார். அவருடைய குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு நடுக்கம் இருந்தது. அந்த ஆண்டுக் கருத்தரங்கு புனேயிலேயே நடக்க இருந்தது. அதற்கு வருவதாக இருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், நாங்கள் அனுப்பியிருந்த ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, இரண்டு ஆண்டு தம்மோடு வந்து வேலை செய்யும்படி சீனியரைக் கூப்பிட்டுவிட்டார். சீனியருக்கு உதவித்தொகை முடிகிற நேரம். வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை. அந்தக் குட்டிப் படியை நம்பித்தான் அவருடைய ஆய்வேடு, வேலை, வெளிநாடு எல்லாம் நின்றன. லட்சுமி ரோட்டில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிவந்து, புனே வெயிலில் கூடத்துக்குள் போட்டுக் காட்டினார். "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். "குளிர்ல விறைச்ச கரடி மாதிரி இருக்கு" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கருத்தரங்கு திங்கட்கிழமை தொடங்க இருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை சீனியர் விசாவுக்காக விடிகாலை ரயிலில் மும்பை போனார். வேறொரு கையும் ஒருமுறை அந்தப் படியைப் பார்த்துவிட வேண்டும் என்று சார் என்னைச் செய்யச் சொல்லியிருந்தார். ஆனால் வியாழக்கிழமை என்றால் புனேயில் மின்சாரத்துக்கு விடுமுறை. கம்பிகளைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லிக் காலையிலேயே நிறுத்திவிடுவார்கள். பம்பு ஓடாது என்பதால் நாங்கள் வியாழக்கிழமைகளில் சோதனை வைப்பதே இல்லை. அன்று வேறு வழியில்லை. மின்சாரம் வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முதல் வாயுவை விட்டேன். நாலு மணிக்கு "சலா, சஹா!" கேட்டது. கோடு வரை நைட்ரஜனை ஊற்றிவிட்டு டீ குடித்து வந்தேன். வந்து பார்த்தால் அழுத்தம் ஏறவில்லை. அடுத்த சிட்டிகைக்கும் ஏறவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு படி வந்து நின்றது. எந்தப் படியும் இருக்கக் கூடாத இடம் அது.

எங்கோ காற்று கசிகிறது என்று நினைத்து ஒவ்வொரு மூடியையும் தடவிப் பார்த்தேன். கசிவு இல்லை. தொடர்ந்து வாயுவை விட்டு, சாயங்காலம் கட்டடம் காலியாகும் நேரத்தில் சீனியருடைய படி வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அன்று அரை மணிக்கு ஒரு நிமிடம் குறையாமல் காத்திருந்தேன், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. ஒன்றும் வரவில்லை. கோடு வழவழவென்று மேலே போய்விட்டது. எழுந்து குடுவையின் கண்ணாடிக் கீற்று வழியாக உள்ளே பார்த்தேன். திரவம் லேசான நீல நிறத்தில் இருந்தது. அந்த நீலத்தை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். "ஆழியார் அணைத் தண்ணி மாதிரியே இருக்குதுங்க" என்று சீனியர் ரசித்திருக்கிறார். திறந்த குடுவையில் நைட்ரஜன் நேரம் ஆக ஆகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக் கரைத்துக்கொள்ளும், நீலம் அதனுடையது. ஆக்சிஜன் கலந்தால் குளிர் குறையும். அப்படியானால் தினமும் நிரப்பிய நேரத்திலிருந்து எங்கள் குடுவை மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு மணிக்குப் புதிதாக ஊற்றியதும் மறுபடி குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்தால் கரி இன்னும் கொஞ்சம் வாயுவைக் குடிக்கும், அழுத்தம் ஏறாது. இத்தனை நாளும் அந்தப் படி வந்தது நாங்கள் டீக்குப் போனதால்.

இன்னொருவராக இருந்தால் இது முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும். ஒரு நாள் ஒன்பதுக்கும் ஒரு நாள் பத்தரைக்கும் ஆரம்பிக்கிற என்னைப் போன்ற ஆளுக்குப் படி தினம் ஓர் இடத்தில் வந்திருக்கும், சந்தேகம் வந்திருக்கும். சீனியருடைய ஒழுங்கால்தான் அது அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. அதை நினைத்ததும் எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து உள்தொலைபேசி அடித்தது. சார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "படி வந்ததா?" என்றார். "வந்தது சார், ஆனா..." என்று ஆரம்பித்தேன். "பலே!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சாங்வி நிறுத்தத்தில் சீனியர் பஸ்ஸுக்கு நின்றார். மும்பையில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், தபாலில் வந்துவிடும் என்றார். கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, நேத்து படி வரலீங்களா?"

"வந்துச்சு சீனியர். நாலு மணிக்கு வந்துச்சு."

"நாலு மணிக்குத்தானுங்க வரும்."

"நான் மத்தியானம்தான் ஆரம்பிச்சேன். வாயு பாதிகூடப் போகல. அங்க வந்துச்சு. உங்க எடத்துல ஒண்ணுமே இல்ல."

அவர் சிரித்தார். "அவசரப்பட்டிருப்பீங்க. கொஞ்சம் பொறுத்திருந்தா வந்திருக்குமுங்க." நான் நைட்ரஜன், ஆக்சிஜன், நீலம் எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று கத்தியே சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண்மணி குடும்பச் சண்டை என்று நினைத்து ஒதுங்கிப் போனார். பஸ் வந்தது. ஏறினோம். கூடத்துக்குள் நுழைந்து தள்ளுவண்டியில் வந்திருந்த புது நைட்ரஜனைக் குனிந்து பார்த்தார். அது தண்ணீர் போல நிறமே இல்லாமல் இருந்தது. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை. "நாளைக்கு ஒருக்கா போட்டுப் பார்க்கலாமுங்க," என்றார். "டீக்குப் போகாம."

சனிக்கிழமை அவரே எல்லாவற்றையும் செய்தார். வழக்கமான நேரம், வழக்கமான அளவு. குடுவையை மட்டும் காலையில் விளிம்பு வரை நிரப்பினார். நான் கோலை விட்டு விட்டு எடுத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு சார் வெளியே வந்தார். "சலா" என்றவர், யாரும் அசையாததைப் பார்த்து மீதியைச் சொல்லாமல் நின்றார். சீனியர் ஆங்கிலத்தில் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோலில் பனிக்கோடு இறங்கிக்கொண்டே வந்தது. கிண்ணத்தின் தலை வெளியே தெரிய மூன்று விரல்கடை, அப்புறம் இரண்டு. படி வர வேண்டிய வாயுவை சீனியர் விட்டார். அரை மணி காத்திருக்க வேண்டும், அதற்குள் மட்டம் தாங்குமா என்பது தெரியாது. என் கை தானாகவே நைட்ரஜன் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தது. "தொடாதீங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலே. படி வரட்டும், என் கணக்கு பொய்யாகட்டும் என்று நான் அந்த நேரத்தில் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். அழுத்தம் மற்ற சிட்டிகைகளுக்கு ஏறியது போலவே ஏறி நின்றது. அடுத்த சிட்டிகைக்கும் ஏறியது. படி இல்லை.

சீனியர் எழுந்து என் கையிலிருந்த கேனை வாங்கினார். இப்போது மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. ‘டீக்கு முன்’ கோடு வரை நிதானமாக ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. புகை அடங்கியதும் அழுத்தமானியின் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இன்னொரு சிட்டிகை விட்டார், ஏறவில்லை. கூப்பிட்டதும் ஓடிவரும் நாய்க்குட்டி மாதிரி படி வந்து நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "வந்திருச்சுங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

சார் அழவில்லை, கோபப்பட்டார். ஒரே ஒரு நாள் சோதனையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். சுருக்கம் அச்சாகிவிட்டது, திங்கட்கிழமை அச்சானபடியே படித்துவிட வேண்டும், திருத்தம் இருந்தால் பிறகு நிதானமாகப் பார்க்கலாம், வருகிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியுமா என்றார். சீனியர் தலையை ஆட்டினார். அது சரி என்று ஆட்டியதா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டியதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய அறைக்குப் போய்க் கேட்டுவிடலாமா என்று இரண்டு முறை செருப்பு மாட்டினேன். போய் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள் என்றால் அவருடைய சோற்றில் நான் மண்ணைப் போடுகிறேன். பேசாமல் படித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அவர் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். நெற்றியெல்லாம் வியர்வை. முதல் வரிசையில் அந்த வெளிநாட்டுப் பேராசிரியர், பக்கத்தில் சார். சீனியர் வரைபடம் வரைந்த கண்ணாடித் தாளைப் புரொஜெக்டரில் வைத்துத் திரையில் காட்டினார். படி அழகாகத்தான் இருந்தது. அச்சாகியிருந்ததை அப்படியே சொல்லிக்கொண்டு போனார். பேராசிரியர் தலையசைத்துக் குறிப்பெடுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. சரி, போகட்டும், அவர் பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து நான் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டேன். அப்போது அவர் இன்னொரு கண்ணாடித் தாளை எடுத்து முதல் தாளின் மேல் வைத்தார். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் கடிகார நேரம் இருந்தது. படியின் காலடியில் ‘4.00, டீ’ என்று இருந்தது. அதற்கும் மேல் சனிக்கிழமையின் வரைபடத்தை வைத்தார். "இந்தப் படி கிரிப்டானுக்குச் சொந்தமில்லை, எங்கள் கேன்டீனுக்குச் சொந்தம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் இதைக் கவனித்தது என்று மட்டும் கேட்டார். சீனியர் என்னைக் கைகாட்டி, "என் சக மாணவி, அவருக்குப் பொறுமை கிடையாது" என்றார். மறுபடி சிரிப்பு.

பாஸ்போர்ட் தபாலில் வந்தது, விசாவோடு. கூப்பிட்ட இடத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. வேண்டாம் என்றுகூட எழுதவில்லை. சீனியர் சில வாரங்கள் தபால்பெட்டியைப் பார்த்தார், பிறகு நிறுத்திவிட்டார். படியைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டு, மெலிந்துபோன ஓர் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தார். சார் கையெழுத்துப் போட்டார், ஆனால் அவரோடு அதன் பிறகு வேலையைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. தூங்கிக்கொண்டிருந்த வெப்பமானிக் கோப்பு மட்டும் யாரோ ஊசி குத்தின மாதிரி எழுந்து ஓடி வந்தது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு சீனியர் நாலு மணி டீக்கு வருவதை விட்டுவிட்டார். சார் "சலா" என்றால் எழுந்து எங்கேயாவது போய்விடுவார். பிறகு உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. போகும்போது அந்தக் கம்பளிக் கோட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் கோலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மிச்சத்தைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். புது வெப்பமானியை வைத்து, குடுவையின் வாயை மூடி, குளிரை அசையாமல் பிடித்துக்கொண்டு நான் அதே சோதனையைத் தொடர்ந்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு படி வந்தது. சீனியர் சொன்ன இடத்தில் இல்லை, அதற்குச் சற்று மேலே. மிகவும் சின்னது, குளிர் ஆடினால் அதோடு சேர்ந்து கரைந்துபோகிற அளவுக்குச் சின்னது. நான் நேரத்தை மாற்றி மாற்றி ஆரம்பித்தேன், அளவை மாற்றினேன், வியாழக்கிழமையிலும் செய்தேன். அது அதே இடத்தில் வந்தது. சார் பழைய நடுக்கத்தோடு, முதல் அடுக்கு தனக்குள் நிலை மாறத்தான் செய்கிறது என்றார். கட்டுரை எழுதியதும் சீனியருடைய பெயரையும் போட வேண்டும் என்று எஸ்டிடி பூத்திலிருந்து அவருடைய கல்லூரிக்குப் பேசினேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பார்க்காத படிக்கு என் பேரு வேண்டாமுங்க" என்றார். "நீங்க பாத்ததுனாலதான சீனியர் நான் தேடினேன்" என்று கத்தினேன். "நான் பார்த்தது வேறைங்க. வச்சிரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கட்டுரை என் பெயரிலும் சார் பெயரிலும் வந்தது. அதை வைத்துத்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவ்வளவு நேர்மையாக இருக்கிறவர்களோடு கூட இருக்கிறவர்களுக்கு என்ன கதி என்று அவர்கள் ஒரு நாளும் யோசிப்பதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இயற்பியலை விட்டு மென்பொருளுக்கு வந்துவிட்டேன். சாங்வியில் வீடு, கராடியில் வேலை. சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனியர் தொலைபேசியில் கூப்பிட்டார். புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா ராணுவப் பயிற்சிக் கழகத்தில் அக்கா மகனைச் சேர்த்துவிட வந்திருந்தாராம். சேர்த்துவிட்டு மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தார். முடி பாதி நரைத்திருந்தது. ஊர், மழை, பையன் என்று பேசிக்கொண்டிருந்தோம். பழையதை இருவரும் தொடவில்லை. சுவரில் கடிகாரம் நாலை நெருங்குவதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். டீ போடவா வேண்டாமா என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றேன். அவர் மூலையில் சாய்த்திருந்த கோலை எடுத்து, தம் பென்சில் எழுத்தைப் பெருவிரலால் தடவினார்.

"அந்தப் படி..." என்றார். "நெசமாலுமே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு சீனியர்."

"எந்நேரத்துக்குங்க வந்துச்சு?"

இத்தனை ஆண்டுகளில் அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி இதுதான் என்று எனக்குப் புரிந்தது. "காலையிலயும் வந்துச்சு. மத்தியானமும் வந்துச்சு. ராத்திரி சாப்பாட்டு நேரத்துலயும் ஒருதரம் வந்துச்சு. எப்ப ஆரம்பிச்சாலும் அதே எடம்தான். நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் கோலை மறுபடி மூலையில் சாய்த்து வைத்தார். "அப்பச் சரிங்க," என்றார். "டீ போடுங்க. சக்கரை கொஞ்சம் தூக்கலா."

நான் போட்டுக் கொண்டுவந்தேன். அவர் குடித்தார். மறுநாள் காலை அந்தக் கோலை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அன்றிலிருந்து அது என் மேசையில் நிற்கிறது. நேற்றுகூட ஒரு பிள்ளை, ஒரு பிழை தினமும் ஒரே நேரத்தில் வருகிறது, அதனால் நிரல்தான் தவறு, சந்தேகமே இல்லை என்று வந்து நின்றான். கோலை எடுத்து அவன் கையில் கொடுத்து, அந்த நேரத்தில் வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவன் பென்சில் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "டீக்கு முன்னா மேடம், பின்னா?" என்று கேட்டான். இரண்டையும் பார் என்றேன்.